விரஜ்லால் சேட் சத்தம் போடாத காலம்

ராஜ்கோட்டில் பம்பு செய்யும் விரஜ்லால் கானாபாருக்கு ஆஜி தொழிற்பேட்டையில் இரண்டு விஷயத்தில் பேர். ஒன்று, அவருடைய பம்பு. இன்னொன்று, அவருடைய தொண்டை. காலையில் பட்டறை வாசலில் காரை விட்டு இறங்கும்போதே ஆரம்பித்துவிடுவார். வார்ப்பில் பிசிறு இருந்தால் திட்டு, குழாய் சொட்டினால் திட்டு, ஒன்றுமே இல்லாவிட்டால் ஏன் எல்லோரும் இவ்வளவு அமைதியாக இருக்கிறீர்கள் என்று திட்டு. திட்டு வாங்கியவனையே சற்று நேரத்தில் கூப்பிட்டு டீ கொடுத்து, மகளுக்கு ஜுரம் விட்டதா என்று விசாரிப்பார். அங்கே யாருக்கும் அது உறைத்ததில்லை.

அப்படிப்பட்டவர் கம்பெனியை விற்றார். ஒரே மகன் டொரண்டோவில் பல் டாக்டர். அவனுக்குத் தெரிந்த ஒரே பம்பு பல்லில் தண்ணீர் பீய்ச்சுவது. மும்பையிலிருந்து ஒரு முதலீட்டு நிறுவனம் வந்து பெரும்பங்கை வாங்கிக்கொண்டது. கொஞ்சம் பங்கை வேண்டுமென்றே அவரிடம் விட்டு, மூன்று வருஷம் அதே நாற்காலியில் இருக்க வேண்டும் என்று கையெழுத்தும் வாங்கியது. கையில் பங்கு இருந்தால் ஆள் ஓடமாட்டார் என்பது அவர்கள் எண்ணம்.

கையெழுத்துப் போட்ட அன்று, சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அவர் மனைவி முக்தாபென் ஒரு வார்த்தை சொன்னார்.

"இனிமே அங்க போய்க் கத்தாதீங்க. பொண்ணைக் கட்டிக் கொடுத்த வீடு மாதிரி அது. போனமா, பாத்தமான்னு வரணும்."

பெண்ணைக் கட்டிக் கொடுத்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காத குடும்பம் விரஜ்லாலுடையது. மனைவி ஒரு பேச்சுக்குத்தான் சொன்னார். அவரோ அப்படியே பிடித்துக்கொண்டார். மறுநாளிலிருந்து வீட்டில் போட்ட டீயை பிளாஸ்கில் ஊற்றி எடுத்துப் போனார். யாராவது கருத்துக் கேட்டால், "உங்க கம்பெனி, நீங்க சொன்னா சரி" என்றார். எண்ணெய் கொட்டிக் கிடந்த இடத்தைப் பார்த்தபோது தொண்டைவரை வந்ததை விழுங்கிக்கொண்டு, அதைச் சுற்றிக்கொண்டு நடந்து போனார். வீட்டுக்கு வந்து படுத்தால் நெஞ்சு கரித்தது. டாக்டர் வாயு என்றார்.

மும்பையில் அந்த நிறுவனத்தின் தலைவர் கிஷோர் மன்சுகானி ஏற்கெனவே சூடு கண்டவர். முன்பு ஒரு பிஸ்கட் கம்பெனியை வாங்கியபோது, விற்ற முதலாளி மறுமாதமே குதிரை வளர்க்கப் போய்விட்டார். அதனால் இம்முறை அனகா சப்னிஸ் என்ற பெண்ணை மாதாமாதம் ராஜ்கோட்டுக்கு அனுப்பினார். வரவு செலவை இங்கிருந்தே பார்த்துக்கொள்ளலாம், நீ அந்த மனிதரைப் பார், மனசு அங்கே இருக்கிறதா அல்லது பணத்தோடு வெளியேறிவிட்டதா என்று பார்த்துச் சொல் என்பதுதான் அவளுக்கு இட்ட வேலை.

அனகா பார்த்தாள். கம்பெனி டீயைக்கூடத் தொடாத ஒரு மனிதர். நம் கம்பெனி என்ற சொல் அவர் வாயில் வரவேயில்லை. ஃபோர்மன் ஹமீர்பாயைத் தனியாகக் கேட்டாள்.

"சேட் இப்பல்லாம் யாரையும் திட்டறதில்லம்மா," என்றார் அவர், வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்பதுபோல. "ரெண்டு பேர் வேற இடத்துல வேலை கேட்டுட்டு வந்துட்டாங்க. சேட்டே கைவிட்டுட்டார்னா இங்க என்ன இருக்குன்னு கேக்கறாங்க."

கதை பிஸ்கட் கம்பெனி வழியில்தான் போகிறது என்று அனகா மும்பைக்குச் சொன்னாள். மன்சுகானி வேறு ஆளைத் தேடலாமா என்று யோசிக்கத் தொடங்கினார்.

அந்தச் சமயத்தில்தான், அனகா ராஜ்கோட்டில் இருந்த ஒரு நாளில், சௌம்யஜித் லாஹிரி ஒரு கூட்டம் கூட்டினான். விற்பனையைக் கவனிக்க மும்பைக்காரர்கள் அனுப்பிய கல்கத்தாப் பையன். ராஜ்கோட்டில் மீன் கிடைக்காத சோகத்திலும் வேலையில் குறை வைக்காதவன். கூட்டத்தில் சாதாரணமாகச் சொன்னான், அடுத்த மாதத்திலிருந்து முக்தா பம்பை நிறுத்திவிடலாம் என்று. முக்தா என்பது விரஜ்லால் முதன்முதலில் செய்த சின்ன பம்பு. கல்யாணமான புதிதில் மனைவி பேரை வைத்தது.

விரஜ்லால் எழுந்தார். விழுங்கி வைத்திருந்ததெல்லாம் ஒன்றாக வெளியே வந்தது.

"முக்தாவை நிறுத்தறதுக்கு நீ யாருய்யா? மீன் முள்ளு எடுக்கத் தெரிஞ்சா பம்பு விக்கத் தெரியுமா? சௌராஷ்டிராவுல சின்ன விவசாயி ஒருத்தன் விடாம வாங்கினது இது. நம்ம கம்பெனி நின்னதே இது மேலதான்!"

பட்டறையில் கடைசல் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஹமீர்பாய் கதவருகே வந்து காது கொடுத்துக் கேட்டார். அனகா தலையைக் குனிந்துகொண்டாள். நம்ம கம்பெனி என்ற சொல் அவள் காதில் தனியாக விழுந்திருந்தது.

லாஹிரி முகம் சிவந்தாலும் அசையவில்லை. டீலர்களே வேண்டாம் என்கிறார்கள், போய்க் கேட்டுப் பாருங்கள் என்றான். கேட்டுத்தான் பார்ப்போம் என்று விரஜ்லால் அனகாவை சாட்சிக்குக் காரில் ஏற்றிக்கொண்டு பக்கத்து ஊரான கோண்டலுக்குக் கிளம்பினார்.

கோண்டலில் சவ்ஜிபாய் அவருடைய பழைய டீலர். விஷயத்தைக் கேட்டதும் அவர் பின்பக்கக் கிடங்கைத் திறந்து காட்டினார். முக்தா பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. ஒரு பெட்டியின் மேல் பூனை குட்டி போட்டிருந்தது.

"தண்ணி பாதாளத்துக்குப் போயிடுச்சு சேட். இதால எட்டாது. நீங்க போன் பண்ணி அனுப்பறேன்னு சொல்லும்போது வேண்டாம்னு எந்த வாயால சொல்றது? இந்தக் கடையைத் திறந்து வெச்சதே நீங்க. அதுவுமில்லாம, வேண்டாம்னா கத்துவீங்க."

விரஜ்லால் பூனையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

திரும்பும் வழியில் சாலையோரம், காட்டியா என்ற கடலைமாவுப் பலகாரம் சாப்பிட வண்டியை நிறுத்தினார். வறுத்த மிளகாயைக் கடிக்காமல் கையில் வைத்து உருட்டினார். தனக்குப் பயந்து யாரும் நிஜத்தைச் சொல்லவில்லை, அது கிடங்கில் மக்கிக் கிடந்திருக்கிறது என்பது அவரை உலுக்கிவிட்டது. அனகா மெதுவாக, இத்தனை மாதம் ஏன் வாயே திறக்கவில்லை என்று கேட்டாள். அவர் மனைவி சொன்னதைச் சொன்னார். பிளாஸ்க் விஷயத்தையும் சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வந்து மிளகாய் மூக்கில் ஏறிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சித்தப்பா முறையில் அழைத்துச் சொன்னாள்:

"காகா, நீங்க பொண்ணைக் கட்டிக் கொடுக்கல. வீட்டோட மாப்பிள்ளை எடுத்திருக்கீங்க."

 அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். காட்டியாக்காரர் என்ன விஷயம் என்று எட்டிப் பார்த்தார்.

அன்றே அனகா மன்சுகானிக்குப் போன் போட்டாள். அவர் அவ்வளவு சுலபமாக மசியவில்லை. "கத்தினது சரி. பிஸ்கட்காரரும் ஒரு தடவை கத்தினாரு. இவரு தோத்துட்டாரே, நாளைக்கு என்ன பண்றாருன்னு பாரு" என்றார்.

மறுநாள் விரஜ்லால் எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டார். லாஹிரி உள்ளே நுழையும்போது அவன் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்.

"லாஹிரி பாபு, நீங்க சொன்னதுதான் சரி. மீன் முள்ளுன்னு சொன்னது தப்பு. மனசுல வெச்சுக்காதீங்க." அவன் பதறி எழுந்தான். "உக்காருங்க. ஆழமான போர்வெல்லுக்கு நாம ஒரு பம்பு பண்ணணும். எவ்வளவு ஆழம்னு டீலருங்க உங்ககிட்ட சொல்லியிருப்பாங்க. எங்கிட்டதான் சொல்ல மாட்டாங்க."

இருவரும் மதியம்வரை எழுந்திருக்கவில்லை. வெளியே வந்தபோது நடைவழியில் எண்ணெய் கொட்டிக் கிடந்தது. அவர் குரல் கூரையைத் தொட்டது. திட்டு வாங்கிய ஹமீர்பாய் சிரிப்பை மறைக்கத் துணியை எடுத்துத் தரையைத் துடைத்தார். வேறு இடத்தில் வேலை கேட்டிருந்த இருவரும் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வீட்டில் தயங்கித் தயங்கி, முக்தா பம்பு நிற்கப்போகிறது என்று மனைவியிடம் சொன்னார்.

"இத்தனை வருஷம் ஓடினேன், போதும்," என்றார் முக்தாபென். "புதுசுக்கு அந்தக் கல்கத்தாப் பையன் பொண்டாட்டி பேரை வைங்க."

"அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகலையே."

"அப்ப முதல்ல அதைப் பாருங்க. பம்பு அவசரமில்ல."

பம்புதான் முதலில் வந்தது. நன்றாகவே விற்றது. டீலர்களிடம் இப்போது லாஹிரிதான் பேசினான். விரஜ்லால் பக்கத்தில் உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு, கேட்கப் பழகினார்.

மூன்று வருஷம் முடிந்தபோது, இன்னும் கொஞ்ச காலம் இருக்கச் சொல்லிக் கேட்க மன்சுகானியே ராஜ்கோட் வந்தார். மும்பைக்காரர் என்பதால் ஊர் வழக்கம் தெரியாமல், வெயில் ஏறிய மதியத்தில் விரஜ்லால் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். ஊரே கதவடைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. விரஜ்லாலும்தான். அவரை எழுப்ப முடியாது என்று முக்தாபென் கண்டிப்பாகச் சொல்லி, மோர் கொடுத்து, கூடத்தில் மின்விசிறியின் கீழ் இன்னொரு மெத்தையை விரித்தார். மன்சுகானி சும்மா சாய்ந்துகொள்வதாகத்தான் சொன்னார். நாலு மணிக்கு விரஜ்லால் எழுந்து வந்து பார்த்தபோது, பெரிய முதலாளி சட்டைப் பொத்தானை அவிழ்த்துவிட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். சத்தம் போட்டு எழுப்ப வேண்டாம் என்று மனைவிக்குச் சைகை காட்டிவிட்டு, டீ போடச் சொன்னார்.