இடித்த குவார்ட்டர்ஸில் எழுந்த தூண்கள்

டவுன்ஷிப்பில் பழைய குவார்ட்டர்ஸ் ஒரு வரிசையை இடித்தபோது, அந்தக் கான்கிரீட் உடைசலை ஜல்லியாக்கித் தூண் போடலாம் என்று எழுதிக் கொடுத்தவள் நான். சோதனைக்கூடத்தில் பதினோரு வருடமாகச் சிமெண்ட், மணல், ஜல்லி என்று எடை போட்டுக் குறித்துவந்தேன். சைக்கிள் ஸ்டாண்டின் ஆறு தூண்களுக்கு மட்டும் பொறியாளர் சம்மதித்தார். ஆனால் முதலில் அந்தக் கலவையில் சோதனைக் கட்டிகள் வார்த்து, எந்திரத்தில் வைத்து அழுத்திப் பார்க்க வேண்டும். தேறாவிட்டால் உடைசல் முழுவதும் லாரியில் ஏறிப் பள்ளம் நிரப்பப் போய்விடும்.

ஏழாம் நாள் அழுத்தியபோது மூன்று கட்டிகளுமே தேவையான வலுவை எட்டாமல் நொறுங்கின.

"உடைஞ்ச கல்லு உடையத்தாம்மா செய்யும்," என்று பொறியாளர் சிரித்தார். "திங்கட்கிழமை லாரி வருது."

நோட்டை வரி வரியாகப் பார்த்தேன். எடைகள் சரி, தண்ணீரும் சரி. பிறகு ஏன் நொறுங்கிய கட்டிகளுக்குள் அவ்வளவு துளைகள்? கலவை போட்ட, பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து வரும் மேஸ்திரியிடம் போனேன்.

"நான் அளந்து குடுத்த தண்ணி மட்டும்தானே ஊத்தினீங்க?"

"அதெப்படிங்க மேடம்? கல்லு குடிச்சிக்கினே இருக்குது. கலவை மண்ணாங்கட்டியாட்டம் நின்னுச்சு. இன்னும் ஒரு மக்கு தண்ணி வுட்டேன். எப்பவும் வுடுறதுதான்."

"எங்கிட்ட சொல்லலையே?"

"நீங்க டீ குடிக்கப் போயிட்டீங்க. நோட்டையும் கையோட எடுத்துக்கினு போயிட்டா நான் எதுல எழுதறது?"

பக்கத்தில் நின்ற சித்தாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கோபம் வந்தது. ஆனால் தவறு என்னுடையது. உடைசலில் ஒட்டியிருக்கும் பழைய காரை தண்ணீரை உறிஞ்சும் என்று நினைக்காமல், காய்ந்த ஜல்லிக்கே அளந்து கொடுத்திருந்தேன்; அதை ஈடுகட்ட மேஸ்திரி ஊற்றிய கூடுதல் தண்ணீர்தான் வற்றித் துளைகளாகியிருந்தது. அதை அப்படியே எழுதிப் பொறியாளரின் மேசையில் வைத்தேன்.

"தப்பு உங்களுதுன்னு நீங்களே எழுதிக் குடுக்கறீங்களா?"

"ஆமாம் சார். லாரியைப் பத்து நாள் நிறுத்துங்க."

நிறுத்தினார்.

இம்முறை ஜல்லியை ஒரு நாள் முழுவதும் ஊறவைத்து, சாக்கில் பரப்பி, மேல் ஈரத்தை ஒற்றியெடுத்த பிறகே எடை போட்டேன். கலவை முடியும்வரை அங்கேயே நின்றேன். மேஸ்திரி மக்கைத் தொடவில்லை. "கரண்டி தானா எறங்குதுங்க" என்று அவரே சொன்னார்.

ஏழாம் நாள் மூன்று கட்டிகளுமே தாங்கின. பொறியாளர் மூன்று முறையும் குனிந்து எந்திரத்தின் அளவு முள்ளைத் தானே பார்த்தார்.

"இருபத்தெட்டாம் நாளும் இப்படியே நின்னா தூணைப் போடுங்க. லாரி வேணாம்னு சொல்லிடறேன்."

மீதி உடைசலைச் சலிக்க நான்கு ஆள் வேண்டும் என்று அன்று மதியமே எழுதிக் கொடுத்தேன்.