குளிகையில் அடைத்த கடன்

கடன் வாங்கியவன் ஒளிந்துகொள்வது ஊரில் சகஜம். கடன் கொடுத்துவிட்டு, வாங்கியவரைக் கண்டு கக்கூசில் ஒளிந்தவன் எங்கள் சங்கராபுரம் பக்கத்தில் நான் ஒருவன்தான்.

பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் கல்வராயன் மலையில் புளி வாங்கி வந்து சந்தையில் விற்பவர். முதல் போட என்னிடம் இரண்டாயிரம் ரூபாய் கைமாற்று வாங்கியிருந்தார். அது திரும்பி வந்தால்தான் எரிந்துபோன என் கிணற்று மோட்டாருக்குப் புதுக் காயில் கட்டி ஓட்ட முடியும். கரும்பு தண்ணீரில்லாமல் நின்றது.

ஒரு சனிக்கிழமை விடிந்ததும் வந்து என் கையில் ஐம்பது ரூபாயை வைத்தார்.

"அண்ணே, கடன அடைக்கிறேன்."

"மீதி?"

"அதான் அடைக்கிறேன்னு சொல்றேன் இல்ல?" சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்.

அந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்தது. எங்கள் பக்கம் 'தர்றேன்' என்றால் என்றைக்கோ தருவார்கள். 'கட்டுறேன்' என்றால் தவணை. 'அடைக்கிறேன்' என்பது வயலில் மடையை அடைப்பதுபோல, ஒரு சொட்டும் கசியாமல் முடிப்பது. ஐம்பது ரூபாய்க்கு எதற்கு அந்தச் சொல்?

நாள்காட்டியைப் பார்த்தேன். சனிக்கிழமை காலை ஆறிலிருந்து ஏழரை வரை குளிகை. அந்த நேரத்தில் செய்தது திரும்பத் திரும்ப நடக்கும் என்பார்கள். அதனால் குளிகையில் கடன் வாங்க மாட்டார்கள். கொஞ்சமாவது அடைப்பார்கள், மீதியும் சீக்கிரம் அடையும் என்று. எனக்கோ வேறு கணக்கு ஓடியது. ஐம்பது ஐம்பதாகவே திரும்பத் திரும்ப வந்தால் நான் என்றைக்கு மோட்டாரை ஓட்டுவது?

"பணம் குடுக்க வந்த ஆள இன்னாத்துக்கு சந்தேகப்படுறீங்க?" என்றாள் மனைவி.

"உனக்குத் தெரியாது. இதுல ஏதோ இருக்குது."

அடுத்த சனிக்கிழமை அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் கக்கூசுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். "அவரு ஊருக்குப் போய்க்கிறாரு" என்று மனைவி சொன்ன அதே நேரம் எனக்கு இருமல் வந்தது. அதற்கடுத்த வாரமும் ஒளிந்தேன். வயலில் கரும்புத் தோகை பழுத்துக்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு மேல், இனி வர மாட்டார் என்று வாசலுக்கு வந்தால் எதிரே நிற்கிறார். மீதிப் பணம் மொத்தத்தையும் நீட்டினார். வாங்கி இரண்டு தடவை எண்ணினேன். ஒரு நோட்டை வெயிலில் தூக்கிப் பார்த்தேன். கடிகாரத்தையும் பார்த்தேன், ஞாயிற்றுக்கிழமைக் குளிகை ஓடிக்கொண்டிருந்தது.

"இத முன்னாடியே குடுத்திருந்தா என் கரும்பு காஞ்சிருக்காது" என்றேன், விடாமல்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க கக்கூஸ்ல இருமுனீங்களே, அன்னிக்கே முழுப் பணமும் மடியில கட்டிக்கினுதாண்ணே வாசல்ல நின்னேன். கரும்பக் காய வெச்சது நீங்க."