அக்கா தாண்டிய பள்ளம்

சிங்கப்பூரில், செங்காங்கில் அக்கா வீட்டுக்குள் நுழைந்ததும், செருப்பு அலமாரிக்கு மேலே சுவரில் ஒரு மஞ்சள் மூடி தொங்குவது கண்ணில் படும். பழைய ஐஸ்கிரீம் டப்பாவின் மூடி. நடுவில் சிவப்பு நகப் பாலிஷால் 9 என்று எழுதியிருக்கும். மேலே இரண்டு ஓட்டை, ஓட்டைகளில் துருப்பிடித்த கம்பி. ஒரு பக்கம் பிள்ளைகளின் பட்டமளிப்புப் படம், இன்னொரு பக்கம் திரு இருதயப் படம், நடுவில் இது. யாராவது இது என்ன என்று கேட்டால் அக்கா என்னைக் கைகாட்டிச் சிரிப்பாள். "அவனைக் கேளுங்க. அவன்தான் ஹீரோ." நான் செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்துகொள்வேன். எத்தனையோ வருடங்களாக அந்த வீட்டில் நான் தலைகுனிந்துதான் நுழைகிறேன். மரியாதை தெரிந்த தம்பி என்று அத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அக்கா என் பெரியப்பா மகள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். எண்பதுகளின் நடுவில், புக்கிட் பாஞ்சாங்கில் புது அடுக்குமாடி புளோக்குகள் எழும்பிக்கொண்டிருந்தபோது, நாங்கள் ஏழாவது மாடியிலும் பெரியப்பா குடும்பம் ஒன்பதாவது மாடியிலும் இருந்தோம். தொடக்கப்பள்ளித் தேர்வில் நான் எப்படியோ தேறிவிட்டதற்காக அப்பா ஒரு பிஎம்எக்ஸ் சைக்கிள் வாங்கித் தந்தார். அந்த ஊரில் அப்போது பையன்களுக்கு வேறு பேச்சே கிடையாது. புளோக்குக்கு எதிரே கட்டுமானத்துக்காகக் கொட்டிய செம்மண் குவியல்கள் இருந்தன. அவற்றில் இரண்டை மண்வெட்டியால் தட்டிச் சீராக்கி, எதிரெதிரே மேடு ஆக்கியிருந்தார்கள். நடுவில் இரண்டு ஆள் நீளத்துக்குப் பள்ளம். ஒரு மேட்டில் ஏறிப் பறந்து மறு மேட்டில் இறங்க வேண்டும். இறங்கினால் தாண்டியவன். இல்லாவிட்டால் பள்ளத்தில் தேங்கிய செந்தண்ணீரில் குளித்தவன். நான் தினமும் குளித்தேன்.

தோழி வீட்டில் படிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு அக்கா என்னோடு வருவாள். முதலில் சும்மா நின்று பார்த்தாள். ஒருநாள், "இறங்குடா, ஒரு தடவை" என்று சைக்கிளை வாங்கினாள். மூன்று தடவை விழுந்தாள், முழங்கை தோல் வழன்று போனது. நான்காவது தடவை தாண்டினாள். என்ன சொல்ல! சைக்கிள் மேட்டை விட்டுக் கிளம்பியபோது அவள் முகத்தில் பயமே இல்லை. இடுப்பைப் பின்னால் தள்ளி, இரண்டு மிதிகளும் ஒரே மட்டத்தில் இருக்க, பின் சக்கரம் முதலில் தொடும்படி பூ மாதிரி இறங்கினாள். பையன்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், மெதுவாக. அதற்குப் பிறகு அவள் தவறவே இல்லை. எனக்கும் சொல்லிப் பார்த்தாள். "மேடு ஏறியாச்சுன்னா யோசிக்கக் கூடாதுடா. பிரேக்கைத் தொட்டே, செத்தே." நான் ஒவ்வொரு தடவையும் யோசித்தேன், ஒவ்வொரு தடவையும் பிரேக்கைத் தொட்டேன். அவள் ஒரு ஐஸ்கிரீம் மூடியில் தன் மாடி எண்ணை எழுதி, போட்டி சைக்கிள்களில் இருப்பது போல ஹேண்டில்பாரில் கட்டினாள். என் சைக்கிள், அவள் நம்பர். பையன்கள் அதை "உன் அக்கா சைக்கிள்" என்றே சொல்லத் தொடங்கினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. வேறு நல்ல வார்த்தை தேடிப் பயனில்லை, பொறாமைதான்.

அடுத்த புளோக்குப் பையன்களோடு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் போட்டி என்று முடிவானது. எங்கள் பக்கம் கடைசியாகத் தாண்டுவது அக்கா. முடிவான நாளிலிருந்து அவளுக்கு அதே நினைப்பு. லிஃப்டில் நிற்கும்போதுகூட மணிக்கட்டை இழுத்து இழுத்துப் பழகுவாள். "ஒரு தடவை எல்லாரும் பாக்கணும்டா, அது போதும்" என்றாள்.

அதற்கு முந்தைய ஞாயிறு. தமிழ்ப் பூசை முடிந்து, தேக்கா சந்தையில் கறியும் கீரையும் வாங்கிக்கொண்டு பெரியப்பாவும் நானும் பஸ்ஸுக்கு நின்றிருந்தோம். பெரியப்பா முன்கோபக்காரர், ஆனால் என்னிடம் பிரியமானவர். "என்னய்யா, சைக்கிள் வாங்கி இவ்வளவு நாளாச்சு, மேட்டைத் தாண்டக் கத்துக்கிட்டியா?" என்று விளையாட்டாகக் கேட்டார். இல்லை என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார், அவ்வளவுதான். அந்த ஒரு சிரிப்பைத் தாங்க மாட்டாமல் நான் சொன்னேன்: "அக்காதான் பெரியப்பா நல்லாத் தாண்டுது." அவர் கறிப் பையைக் கை மாற்றிக்கொண்டார். எங்கே, யாரோடு என்று கேட்டார். சொன்னேன். பையன்களோடு, அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு, தினமும் என்று சொன்னேன். அவர் கேட்காததையும் சொன்னேன். "அன்னைக்கு விழுந்தப்போ அந்த எட்டாம் மாடி மலாய்க்காரப் பையன்தான் கையைப் பிடிச்சுத் தூக்கிவிட்டான்." அதே பையன் என்னை ஏழெட்டு முறை தூக்கிவிட்டதை மட்டும் சொல்லவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் கெடுத்தது வேறொருத்தியை.

பெரியப்பா என் தோளைத் தட்டி, "நல்ல வேளை சொன்னே. நீ சொன்னதா யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்றார். பக்கத்துக் கடையில் எனக்கு ஒரு பாக்கெட் சோயா பால் வாங்கிக் கொடுத்தார். யூதாசுக்காவது முப்பது வெள்ளிக்காசு. நான் அந்தப் பாலை ஒரு சொட்டு விடாமல் உறிஞ்சிக் குடித்தேன்.

அன்றிரவு ஒன்பதாம் மாடியில் நடந்ததை அம்மா சொல்லித்தான் தெரியும். பெரியப்பா அடிக்கவில்லையாம். இனிமேல் பள்ளி விட்டால் வீடு, வீடு விட்டால் பள்ளி என்று சொல்லிவிட்டாராம். பள்ளி வலைப்பந்துக் குழுவிலிருந்தும் அவளை நிறுத்தினார். அக்கா அதற்குப் பிறகு சைக்கிளில் ஏறவே இல்லை. யார் சொன்னது என்று அவள் அழுது அழுது கேட்டிருக்கிறாள். பெரியப்பா எனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார்.

போட்டி நாளில் அவளுக்குப் பதில் நான் நிற்க வேண்டியதாகிவிட்டது. சைக்கிள் என்னுடையது ஆயிற்றே. மேட்டின் விளிம்பு வரை வந்தேன். பிரேக்கைப் பிடித்தேன். யாரும் கேலிகூடச் செய்யவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தபோது அக்கா ஏழாம் மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. "தாண்டினியா?" என்றாள். "தாண்டிட்டேன்" என்றேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை. "அந்த மூடியை எனக்குக் குடுடா" என்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் பூசைக்கு முன் பாவசங்கீர்த்தனம். முழந்தாளிட்டுப் பத்துக் கட்டளைகளையும் விரல்விட்டுப் பார்த்தேன். பெரியப்பாவிடம் நான் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. அது எந்தக் கட்டளையிலும் அகப்படவில்லை. ஆகவே, அக்காவிடம் ஒரு பொய் சொன்னேன் என்று மட்டும் சாமியாரிடம் சொன்னேன். மூன்று முறை 'அருள் நிறைந்த மரியே' சொல்லச் சொன்னார். சொல்லி, பூசை முடிந்து வெளியே வந்து, கடையில் அப்பம் சாப்பிட்டேன்.

அதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில், மாமா கடை என்று நாங்கள் சொல்லும் மளிகைக் கடை வைத்திருந்த பாய்தான் சொல்லியிருப்பார் என்று அக்கா முடிவுகட்டிவிட்டாள். கடையிலிருந்து மேடு நேராகத் தெரியும். அந்த ஞாயிறு மாலை பெரியப்பா அவரோடு பேசிக்கொண்டிருந்ததையும் பார்த்திருக்கிறாள். அவள் முழங்கைக்குப் பிளாஸ்டர் போட்டுவிட்டுக் காசு வேண்டாம் என்றவர் அந்த மனுஷர். அதற்குப் பிறகு ரொட்டி வாங்கக்கூட அக்கா அடுத்த புளோக்குக்கு நடந்து போனாள், கல்யாணமாகிப் போகிறவரை. ஒருநாள் பாய் என்னை நிறுத்தி, "தம்பி, அக்காவுக்கு என் மேல என்னப்பா கோவம்?" என்று கேட்டார். "தெரியல பாய்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் தராசையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்று அவரும் இல்லை, பெரியப்பாவும் இல்லை. உண்மை தெரிந்தவன் நான் ஒருவன்தான் மிச்சம்.

போன கிறிஸ்துமஸுக்கு அக்காவின் ஆறு வயதுப் பேத்தி மூடியைக் காட்டி, "தாத்தா, நீங்க நிஜமா ஜம்ப் பண்ணீங்களா?" என்றாள். குழந்தையிடம் என்ன சொல்வது? எழுந்து சமையலறைக்குப் போனேன். இன்று எல்லாவற்றையும் கொட்டிவிடுவது, சின்னதில் தொடங்கிப் பெரியதைச் சொல்லிவிடுவது என்று தீர்மானம். அக்கா கறியைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அன்னைக்கு நான் தாண்டல."

"தெரியும்டா" என்றாள், திரும்பாமல். "அன்னைக்கே லிஃப்ட்ல அந்த மலாய்க்காரப் பையன் சொல்லிட்டான்."

அவள் அடுப்பைத் தணித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நான் அழுதுக்கிட்டிருந்தேன்னுதானே அப்படிச் சொன்னே? அந்த வீட்டுல அன்னைக்கு என் மனசை நினைச்சுப் பார்த்தவன் நீ ஒருத்தன்தான். அதுக்குத்தான் மாட்டி வெச்சிருக்கேன்." கரண்டியைத் தட்டி வைத்தாள். "அந்த பாய் மட்டும் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா... சரி விடு, போய்ச் சேர்ந்துட்டாரு. வேற என்னமோ சொல்ல வந்த மாதிரி இருக்கே?"

மேட்டின் விளிம்பில்தான் நின்றேன். யோசித்தேன்.

"ஒண்ணும் இல்லக்கா."

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது குழந்தை இழுத்ததில் மூடி ஒரு பக்கம் சாய்ந்து தொங்கியது. அக்கா அதை நேராக்கினாள். நான் குனிந்து செருப்பைப் போட்டுக்கொண்டேன், வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டு. லிஃப்ட் வரும்வரை அவள் வாசலில் நின்றாள்.

"பாத்துப் போடா, ஹீரோ" என்றாள்.