கன்டெய்னர் நிறத்தில் ஒரு ரேஸ் கார்

வீடியோ கேமில் ரேஸ் காருக்குப் பெயின்ட் அடிக்கிற தொழிலில் சம்பளம் இல்லை, போனஸ் இல்லை, கையில் பெயின்ட்கூட ஒட்டாது. ஆனால் வாடிக்கையாளர் தொல்லை மட்டும் அசல் பட்டறையில் எப்படியோ அப்படியே உண்டு.

பகலில் நான் ஒரு ஷிப்பிங் ஆபீசில் பில் அடிக்கிறேன். சாயந்திரம் கல்மண்டபத்து வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்தால் பெயின்டர் ஜெனி. கேம் நமக்குக் கொடுப்பது ஒரு வெள்ளைக் கார், அப்புறம் வட்டம், சதுரம், முக்கோணம், கோடு. அவ்வளவுதான். ரோஜாப்பூ வேண்டுமென்றால் வட்டத்தை நசுக்கி நசுக்கி இதழாக அடுக்க வேண்டும். முடித்துப் பகிர்ந்துவிட்டால் யார் வேண்டுமானாலும் இறக்கித் தன் காருக்குப் போட்டுக்கொள்ளலாம். டிசைனுக்குக் கீழே வரைந்தவர் பெயர் வரும், அதுதான் நம் கூலி. பூட்டு ஒன்றும் உண்டு. பூட்டிவிட்டால் மற்றவர்கள் அந்த டிசைனைப் போட்டு ஓட்டலாமே தவிர, அதைப் பிரித்து ஒரு துண்டைக்கூட உருவ முடியாது. இதைப் படிக்கிறவர்களில் என்னைப் போல் கட்டைவிரல் காய்த்துப் போனவர்கள் கட்டாயம் இருப்பீர்கள். உங்களுக்கு நடந்ததுதான் எனக்கும் நடந்திருக்கிறது, கொஞ்சம் கூடுதலாக.

துணி பிடித்து நிறம் பார்த்தவர்

என் முதல் வாடிக்கையாளர் ரஷீத் பாய். வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை வைத்திருக்கிறார். என் வீட்டுக்காரர் சேவியருக்கு தோஸ்து. இருவரும் ஆன்லைனில் சேர்ந்து கார் ஓட்டுவார்கள். பாய்க்குப் பச்சைக் கார் வேண்டும். எந்தப் பச்சை என்று கேட்டேன். மறுநாள் ஒரு பட்டுத் துண்டோடு வந்து நின்றார். அதை டிவியோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் கருப்பு கலக்கு, இன்னும் கொஞ்சம், போதும், ஐயோ தாண்டிட்ட" என்று என் உயிரை வாங்கினார். டீ ஆறி ஏடு கட்டுகிற வரைக்கும் கலந்தேன். கடைசியில் துணியும் திரையும் ஒன்றாகிவிட்டன. எனக்கே புல்லரித்தது.

வீட்டுக்குப் போனவர் உடனே போன் செய்தார். அவர் டிவியில் அது கிளிப்பச்சையாகத் தெரிகிறதாம். ஒவ்வொரு டிவியும் ஒவ்வொரு மாதிரி காட்டும் பாய், உங்கள் டிவிக்கு நான் என்ன செய்வேன் என்றேன். பிறகு வியாபாரி பேசினார்: "சரி வுடும்மா, டிவிய மாத்த முடியாது. இந்தக் கிளிப்பச்சைல துணி கீதான்னு கடைல பாக்குறேன்."

வலது பக்கம்

திருவொற்றியூர் பிரபு லேத் பட்டறையில் வேலை பார்க்கிறவர், புது மாப்பிள்ளை. மனைவி பெயரைக் காரின் இரண்டு பக்கமும் பெரிதாக எழுதித் தரச் சொன்னார். நான் இடது பக்கம் கொடி, பூ எல்லாம் சுற்றி அழகாக எழுதி, அப்படியே வலது பக்கத்துக்கு நகல் போட்டேன். இங்கேதான் நம் ஆட்கள் எல்லோரும் ஒருமுறையாவது வழுக்கி விழுந்திருப்போம். நகல் போட்டால் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொள்ளும். கொடியும் பூவும் திரும்பினால் யாருக்கும் தெரியாது. எழுத்து திரும்பினால் மானம் போய்விடும்.

நான் கவனிக்காமல் பகிர்ந்துவிட்டேன். அவர் அதைப் போட்டு ஒரு வாரம் ஓட்டியும்விட்டார். பார்த்ததும் பதறிப்போய் போன் செய்து, தம்பி, ஒரு மணி நேரத்தில் சரி செய்துவிடுகிறேன், வீட்டில் காட்டிவிடாதீர்கள் என்றேன். மனிதர் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. "அவசரமே இல்லக்கா. வலது பக்கத்த எப்டியும் சுவத்துல தேச்சிகினேதான் ஓட்றேன், ரெண்டாவது ரவுண்டுல அந்தப் பக்கம் பெயின்டே இருக்காது."

கேட்டு எடுத்த கிரேன்

ஒருமுறை எனக்குத் துறைமுகக் கிரேன் ஒன்று தேவைப்பட்டது. தூத்துக்குடிக்காரர் ஒருவர் வரைந்து வைத்திருந்தார். ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகத் தெரிந்தது. பார்த்ததும் வயிறு எரிந்தது, பொறாமைதான். பூட்டியிருந்தார். அதைப் பார்த்துப் பார்த்து நானே வரைந்திருந்தால் கேமுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஆனால் எனக்குத் தெரியுமே. வட்டத்தை நசுக்குகிறவளுக்கு வட்டத்தை நசுக்குகிறவரின் கஷ்டம் தெரியாதா?

உங்கள் கிரேனை என் காரில் வைத்துக்கொள்ளலாமா, உங்கள் பெயரைப் போட்டுவிடுகிறேன் என்று எழுதினேன். பதில் வருவதற்கு முன்னாலேயே பூட்டு திறந்திருந்தது. பிறகுதான் பதில் வந்தது: "இத்தனை பேர் பாத்து வரைஞ்சு எடுத்திருக்காங்க, கேட்ட மொத ஆளு நீங்கதான். பேரு போடாட்டியும் பரவாயில்ல, கிரேன நேரா நிப்பாட்டுங்க."

கியூவில் நின்ற வண்டி

சேவியர் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறார். ஓட்டுகிறார் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். எண்ணூர் ரோட்டில் வரிசையில் நிற்கிறார் என்பதே சரி. முன்வண்டி ஒரு அடி நகர்ந்தால் இவர் ஒரு அடி நகர்வார். அந்த எரிச்சலுக்குத்தான் சாயந்திரம் கேமில் காரை விரட்டுகிறார். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "என் டிரெய்லர அப்டியே ஒரு ரேஸ் காருல வரஞ்சி குடு" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் தனக்கென்று கேட்ட பொருள் அதுதான்.

துருச் சிவப்பில் கன்டெய்னர் உடம்பு. அதன் மடிப்புகளுக்கு ஒவ்வொரு கோடாக, வெயில் படும் பக்கம் வெளிறியும் நிழல் பக்கம் இருட்டாகவும். பானட்டில் மஞ்சள் கேபின். அவர் பக்கத்தில் குந்திக்கொண்டு, அது அங்கே இல்லை, இது இப்படி இல்லை என்று சொல்லச் சொல்ல மாற்றினேன். மாசக்கணக்கில் இழுத்தது. முடிந்ததும் பூட்டிப் பகிர்ந்தேன். துறைமுகத்துப் பையன்கள், டிரெய்லர்காரர்கள் என்று ஆளாளுக்கு இறக்கினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவரோ அதில் ஏறி ஒரு சுற்று ஓட்டிவிட்டு, கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "நம்ம வண்டி இவ்ளோ வேகமா போயி இப்பதான் பாக்குறேன்."

தண்டையார்பேட்டை பெரிய திரை

தண்டையார்பேட்டையில் பாஸ்கர் என்பவர் கேம் சென்டர் நடத்துகிறார். பேட்டைக்குப் பேட்டை போட்டி என்று அறிவித்தார். ஒரு அணிக்கு மூன்று பேர், தலைவரின் பேட்டைதான் அணியின் பேட்டை, மூன்று காருக்கும் ஒரே டிசைன், அதுவும் அந்த அணியே வரைந்ததாக இருக்க வேண்டும். திருட்டு டிசைன் என்றால் அணியே வெளியே. ஜெயித்த கார் பெரிய திரையில் சுற்றிச் சுற்றி வரும், கீழே வரைந்தவர் பெயர் வரும். சேவியர், ரஷீத் பாய், பிரபு மூவரும் ஓட்டுவதாகவும், கன்டெய்னர் டிசைனோடு போவதாகவும் முடிவானது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கோப்பை முக்கியமில்லை, அந்தத் திரையில் என் பெயர் வர வேண்டும். இத்தனை காருக்குப் பெயின்ட் அடித்திருக்கிறேன், சொந்தபந்தத்தில் ஒருத்தர்கூட என் பெயரை எங்கேயும் பார்த்ததில்லை. என் நாத்தனார், சேவியரின் அக்கா பிலோமினாவுக்கு நான் டிவி முன்னால் பொழுதைக் கழிக்கிறவள். போட்டிக்கு வாங்க அண்ணி என்று கூப்பிட்டபோது புடவையை மடித்துக்கொண்டே கேட்டார்: "புள்ளைங்க கலர் அடிக்கிற புக்கு மாறி இன்னாத்தயோ பண்ணிகினு கீற, அதுக்குப் பேரு வேற போடுவாங்களா?"

அதே கார்

போட்டியன்று ஹால் முழுக்கக் கூட்டம். கடைசிப் பந்தயம் எங்களுக்கும் கொருக்குப்பேட்டை அணிக்கும். முன்சுற்றுகள் ஆன்லைனில் தனித்தனியாக முடிந்திருந்ததால் அவர்கள் காரை நாங்கள் பார்த்ததே இல்லை. கார்களைத் திரையில் காட்டினார்கள். எங்கள் மூன்று கன்டெய்னர் கார்கள். பக்கத்தில் அவர்களுடைய மூன்று. அவையும் கன்டெய்னர் கார்கள். அதே துருச் சிவப்பு, அதே மடிப்பு. கீழே 'தினேஷ், கொருக்குப்பேட்டை' என்று பெயர். அது என் டிசைன் என்று பாஸ்கரிடம் ஓடினேன். தினேஷ் கூட்ஸ் யார்டில் வேலை பார்க்கிறவர், அவர்கள் அணித் தலைவர். தானே வரைந்தது என்று சாதித்தார். கேமும் அப்படித்தான் சொன்னது, ஏனென்றால் அவர் என் பூட்டை உடைக்கவில்லை. பார்த்துப் பார்த்துத் தனியாக வரைந்திருக்கிறார்.

பாஸ்கர் தினேஷ் காரின் பின்பக்கத்தைத் திரையில் பெரிதாக்கினார். அங்கே லாரிகளின் முதுகில் ஒட்டுகிற ஒளிரும் சிவப்புப் பட்டை ஒரு ஓரத்தில் கீழே இறங்கிக் கோணலாக நின்றது. ஏன் இப்படி என்று கேட்டார். "அது ஸ்டைலுண்ணே" என்றார் தினேஷ். சேவியர் தன் டிரெய்லரின் போட்டோவை போனில் எடுத்து நீட்டினார். அதிலும் பட்டை அதே இடத்தில், அதே கோணலில். "எர்ணாவூராண்ட கியூல நின்னுகினு கீறப்ப பின்னாடி ஒருத்தன் தட்டிட்டான். நசுங்குன எடத்துல பட்டை ஒட்டல, கொஞ்சம் கீழ ஒட்டினேன். நேராக்கிட்டா அது என் வண்டி இல்லன்னு இவகிட்ட நான்தான் சொன்னேன்." ஹாலே சிரித்தது. தினேஷ் தலையைத் தொங்கப்போட்டுவிட்டார்.

பாஸ்கர் அவர்களை வெளியேற்றக் கையைத் தூக்கினார். பந்தயம் இல்லாமலேயே கோப்பையும் எங்களுக்கு, திரையும் எனக்கு. ஆனால் என் கண் அந்த மடிப்புகளிலேயே நின்றது. ஒவ்வொரு கோடும் வெயில் பக்கம் வெளிறி, நிழல் பக்கம் இருண்டு. பூட்டியிருந்ததால் அத்தனையையும் கையாலேயே போட்டிருக்கிறார். திருட்டில் இவ்வளவு உழைப்பை நான் பார்த்ததில்லை. கோபம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. அதோடு, அந்தக் கஷ்டம் தெரிந்த இன்னொரு ஆள் கிடைத்த சந்தோஷமும் இருந்தது. "ஒரு வார்த்தை கேட்டிருந்தா குடுத்திருப்பேனே" என்றேன். உன்னுடையதை அழித்துவிட்டு என்னுடையதை இறக்கிக்கொள், என் பெயரோடு ஓட்டு என்று அவரிடமும், எனக்கு ஆட்சேபணை இல்லை என்று பாஸ்கரிடமும் சொன்னேன். பாஸ்கர் யோசித்துத் தலையாட்டினார். தினேஷ் அங்கேயே அழித்து, இறக்கி, போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "கேட்டா குடுப்பாங்கன்னு யாருமே சொல்லலியேக்கா."

வழி விட்டவர்

சக பெயின்டர்களே, இப்போது ஆறு கார்களும் ஒரே மாதிரி. அவசரத்தில் நம்பர் போட யாருக்கும் தோன்றவில்லை. அசல் பந்தயம் போல இருக்கட்டும் என்று கார்களின் தலைக்கு மேல் வரும் பெயர்களையும் பாஸ்கர் எடுத்துவிட்டிருந்தார். கிளம்பிய வேகத்தில் கன்டெய்னர் கன்டெய்னரை முந்தியது, கன்டெய்னர் கன்டெய்னரை இடித்தது. மைக் பிடித்தவர் முதல் வளைவிலேயே பெயர் சொல்வதை நிறுத்திவிட்டு, "செவப்பு முந்துது, செவப்பு வுடல" என்று கத்திக்கொண்டிருந்தார். ஹாலே எழுந்து நின்றது. ரஷீத் பாய் எதிரி என்று நினைத்துப் பிரபுவைச் சுவரோரம் தள்ளினார். பிரபுவுக்கு அது பழக்கமான இடம் என்பதால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கடைசிச் சுற்றில் சேவியர்தான் முன்னால். பின்னால் ஒரு கன்டெய்னர் நெருங்கியது. சேவியரின் கார் இடித்து இடித்து டயர் தேய்ந்து தள்ளாடிக்கொண்டிருந்தது. வருவது பாய்தான், அவராவது ஜெயிக்கட்டும் என்று நினைத்து, வளைவில் மரியாதையாக ஒதுங்கி வழி விட்டார். போனது தினேஷ்.

திரையில் துருச் சிவப்புக் கார் மெதுவாகச் சுற்றியது. கோணல் பட்டை பளபளத்தது. கீழே பெரிய எழுத்தில் 'டிசைன்: ஜெனி, கல்மண்டபம்'. கொருக்குப்பேட்டைக்காரர்கள் என் பெயரைச் சொல்லிக் கூச்சல் போட்டார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைக்கவும் தோன்றவில்லை. பிலோமினா அண்ணி நாற்காலி மேலேயே ஏறி நின்று திரையை போட்டோ எடுத்து, 'எங்க வூட்டு வண்டி ஜெயிச்சிடுச்சி' என்று குடும்ப குரூப்பில் போட்டுவிட்டார். சேவியர் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்: "யக்கா, தோத்தது உன் தம்பி."

ஆகவே, கட்டைவிரல் காய்த்த என் இனத்தாரே, கேட்டவருக்கு டிசைனைத் தாராளமாகக் கொடுங்கள், ஆனால் உங்கள் வீட்டுக்காரரும் அதே பந்தயத்தில் ஓடுகிறார் என்றால் நம்பரை மட்டுமாவது வேறு நிறத்தில் போட்டுக் கொடுங்கள்.