அண்ணன் கார்டும் தம்பி கார்டும்

என் மனைவியின் தம்பி கல்யாணத்தை வீடியோ எடுத்தவருக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்துவிட்டது. எதையும் வெட்டி ஒட்டாமல் கேசட்டை அப்படியே எங்களிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். "இதென்ன பெரிய விஷயம், நானே கம்ப்யூட்டர்ல எடிட் பண்ணித் தரேன்" என்று மாமனார் வீட்டில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். செனாய் தொழிற்சாலையில் மெஷின் பார்க்கிறவன் சொன்னதால் நம்பிவிட்டார்கள்.

கைப்பேசியில் படம் வெட்டுகிற காலம் அப்போது வரவில்லை. கேசட்டில் இருப்பதைக் கம்ப்யூட்டருக்குள் இழுக்க ஒரு டிவி கார்டு வேண்டும். இழுத்ததைத் திக்காமல் திரையில் ஓட்ட நல்ல கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் கூலாயிலிருந்து ஜொகூர் பாருவுக்குக் கிளம்பினோம்.

அங்கே ஒரு கடையை நடுவில் கண்ணாடி வைத்து இரண்டாகப் பிரித்திருந்தார்கள். இந்தப் பக்கம் ஒரு சீனர், கிராஃபிக்ஸ் கார்டு மட்டும் விற்பார். அந்தப் பக்கம் அவருடைய சொந்தத் தம்பி, டிவி கார்டு மட்டும். இருவருக்கும் பேச்சு கிடையாது.

"தவுக்கே, இது டிவி கார்டோட ஒத்துப்போகுமா?" என்று அண்ணனிடம் மலாயில் கேட்டேன்.

"என் கார்டு யார்கூடவும் சண்டை போடாது. அவன்கிட்ட போய்க் கேளு."

அடுத்த கதவுக்குப் போனேன். "என் கார்டும் போடாது. ஆனா அவர் கார்டு ரொம்பச் சூடாகும், அதைச் சொன்னாரா?" என்றார் தம்பி.

அண்ணனிடம் திரும்பி வந்தேன். "சூடானா என்ன? ஃபேன் இருக்கு. அவன் கார்டுல ஃபேன் இருக்கான்னு கேளு."

நான் ஒழுங்காகச் சொல்கிறேனா என்று இருவரும் கண்ணாடி வழியாக என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலைந்து முறை போய் வந்த பிறகு என் மனைவி பொறுமை இழந்தாள். "என்னங்க, கார்டு வாங்க வந்தோமா, பஞ்சாயத்துக்கு வந்தோமா லா?"

இரண்டையும் வாங்கி வந்து மாட்டினேன். திரையில் மாப்பிள்ளை பச்சை, பொண்ணு பச்சை, ஐயர் கரும்பச்சை. கடைக்காரத் தம்பிக்குப் போன் போட்டால் அண்ணன் கார்டுதான் கோளாறு என்றார். அண்ணனோ தம்பி கார்டைச் சொன்னார். அடுத்த சனிக்கிழமை, அதை நிரூபிக்க இருவருமே வீட்டுக்கு வந்துவிட்டார்கள், ஆளுக்கொரு காரில்.

என் மனைவி காப்பியும் வடையும் வைத்தாள். கம்ப்யூட்டரைத் திறந்ததும் தம்பி உள்ளே கையை விட்டார். அண்ணன் நேராக அவரைப் பார்த்து அவர்களுடைய சீனப் பேச்சான ஹொக்கியனில் என்னவோ சொன்னார். தம்பி பதில் சொன்னார். அவ்வளவுதான், பல வருஷப் பேச்சு மொத்தமும் எங்கள் ஹாலில் கொட்டியது. கத்திக்கொண்டே தம்பி தன் கார்டைப் பிடுங்கி வேறு இடத்தில் சொருகினார். பச்சை போய்விட்டது! சந்தோஷத்தில் நான் உடனே ரெக்கார்ட் பட்டனை அமுக்கினேன். கேசட் முடியும்வரை சண்டையும் முடியவில்லை. பாதியில் விட மனமில்லாமல் இருவரும் அண்ணன் காரில் ஏறிக் கத்திக்கொண்டே போனார்கள். தம்பியின் கார் இரண்டு நாள் எங்கள் வாசலில் நின்றது.

கேசட்டைத் திருப்பிச் சுற்றும்போது பிளேயர் நாடாவைக் கடித்துத் துப்பியது. அதற்குப் பிறகுதான் பதிந்ததைப் போட்டுப் பார்த்தேன். படம் கேசட்டிலிருந்து வந்திருந்தது. சத்தமோ மேசை மேலிருந்த மைக்கிலிருந்து வந்திருந்தது. ஐயர் வாயசைக்கிறார், ஹொக்கியன் கேட்கிறது. தாலி கட்டும் நேரத்தில் யாரோ மேசையைத் தட்டுகிறார்கள். குரலை அழிக்கத் தெரியாமல் அதன்மேல் நாதஸ்வரத்தைப் பூசினேன். நாதஸ்வரத்தையும் மீறிக் கேட்டது.

வேறு வழியில்லாமல் அதையே மாமனார் வீட்டில் போட்டேன். பொண்ணு வீட்டாரும் வந்திருந்தார்கள். கடைசியில் மாமனார் சம்பந்தி பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்: "அந்தச் சீனவங்க ரெண்டு பேரும் உங்க பக்கத்து ஆளுங்களா?"

"ஐயையோ, நாங்க உங்க பக்கம்னுல்ல நினைச்சோம்!"

மாமியாருக்கு முகம் வாடிவிட்டது. "யாரும் கவனிக்கலைன்னுதான் சத்தம் போட்டிருக்காங்க போல. சாப்பிட்டுப் போனாங்களா என்னமோ."

"வடை சாப்பிட்டாங்கம்மா," என்றாள் என் மனைவி.