புழுதியின் மூன்றாவது ஆல்பம்

அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று, தண்ணீர் டம்ளர்கள் வைத்த தட்டு என் கையில்தான் இருந்தது. அக்கா உள்ளே தலைப்பூவைச் சரிசெய்துகொண்டிருந்தாள். வந்தவர்களுக்கு முதலில் தண்ணீரைக் கொடு என்று அம்மா என்னை முன்னால் தள்ளிவிட்டாள். மாப்பிள்ளை ஒரு டம்ளரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் தண்ணி குடுங்களேன்" என்றார். அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் குரலைத் தெரியும். கரகரப்பாகத் தொடங்கி, சொல்லின் கடைசி எழுத்தை ஆணி அடிப்பது போல அடித்து நிறுத்துகிற குரல். பெரம்பலூரில் நான் படித்த கல்லூரிக்குப் பேருந்தில் போகும்போதும் வரும்போதும் என் காதுக்குள் ஒலித்த குரல் அது. அரியலூரில் டயர் கடை வைத்திருக்கிறார், நல்ல பையன் என்று மட்டும்தான் தரகர் சொல்லியிருந்தார்.

அந்தக் குரல், அரியலூரில் ஒன்றாகப் படித்த மூன்று பேர் சேர்ந்து தொடங்கிய ஒரு ராப் குழுவினுடையது. பெயர் ‘புழுதி’. ஒருவர் பாடுவார், ஒருவர் கம்ப்யூட்டரில் தாளம் அமைப்பார், மூன்றாமவர் வரிகளை எழுதி அவரே கோபமாகச் சொல்லுவார். முதல் ஆல்பத்துக்கு ‘டிப்பர்’ என்று பெயர். ரெட்டிபாளையம் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு ஓடும் லாரிகளின் ஹாரனையே பதிவுசெய்து தாளமாக்கியிருந்தார்கள். அட்டைப் படத்திலும் மேடையிலும் மூன்று பேரும் முகம் முழுக்கப் புழுதியைப் பூசிக்கொண்டு நின்றதால் யார் எவர் என்று தெரியாது. எங்கள் வீடு லாரிகள் போகும் அந்த ரோட்டின் ஓரத்தில்தான் இருந்தது. கொடியில் காய்ந்த எங்கள் வெள்ளைத் துணி எதுவும் வெள்ளையாக இருந்ததில்லை. அதை ஒருத்தர் பாட்டில் சொல்லிவிட்டார் என்பதே அன்றைக்கு எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. இரண்டாவது ஆல்பமும் அதே சூட்டோடுதான் வந்தது.

மூன்றாவதாக வந்ததுதான் ‘நனைஞ்ச டிக்கெட்டு’. அதற்குக் கொஞ்சம் முன்பு, எழுதுகிறவர் குழுவிலிருந்து காணாமல் போனார். புது ஆல்பத்தில் எங்கும் அவர் பெயர் இல்லை. லாரி ஹாரன் போய் கிதார் வந்திருந்தது. தலைப்புப் பாட்டில் மழை, பஸ், ஜன்னலோரத்தில் ஒரு பெண், அவள் கையில் நனைந்துபோன டிக்கெட். கல்யாண மண்டபம், சலூன், டவுன் பஸ் என்று எங்கே போனாலும் அந்தப் பாட்டுதான். சினிமா வாய்ப்பும் வந்து, மீதி இரண்டு பேரும் சென்னைக்குப் போய்விட்டார்கள்.

போனில் எங்களுக்கு ஒரு ரசிகர் குரூப் இருந்தது. அது இரண்டாக உடைந்தது. "இது புழுதி இல்லடா, பவுடரு" என்று ஜெயங்கொண்டத்துக்காரர் ஒருவர் குரல் பதிவு அனுப்பினார். "எங்கம்மாவுக்கும் புடிக்குது, தங்கச்சிக்கும் புடிக்குது. எல்லாருக்கும் புடிச்சா தப்பா?" என்று சிறுவாச்சூரில் செல்போன் கடை வைத்திருந்தவர் கேட்டார். எல்லாருக்கும் பிடிக்கிறது என்றாலே எங்கேயோ வளைந்துவிட்டார்கள் என்றுதான் அர்த்தம் என்று அதற்கு ஒரு பதில். பாட்டின் நீளம், தாளத்தின் வேகம், எந்த இடத்தில் பெண் குரல் நுழைகிறது என்று ஒவ்வொன்றுக்கும் சண்டை. நான் பழைய ஆல்பத்தின் பக்கம்தான். இருந்தாலும் அந்த டிக்கெட் பாட்டு ஓடினால் நிறுத்தவும் மனசு வராது. பழைய பக்கத்துக்காரர்கள் எல்லாரையும் ஒன்றாகக் கட்டி வைத்திருந்தது ஒரே ஒரு நம்பிக்கை: காசு வர வழி தெரிந்ததும், கோபக்காரரை அந்த இரண்டு பேரும் துரத்திவிட்டார்கள்.

அந்தக் கோபக்காரர்தான் எங்கள் வீட்டுக் கூடத்தில் தண்ணீர் கேட்டார். கிளம்பும்போது அவருடைய வண்டி அருகே போய், "நீங்க... புழுதிங்களா?" என்று மெதுவாகக் கேட்டேன். ஒரு நொடி திகைத்தார். பிறகு, "நான் டயர் கடைங்க" என்று சொல்லிச் சிரித்தார். கல்யாணத்துக்கு முன்பு அவரே அக்காவிடம் தான் அந்தக் குழுவில் இருந்ததைச் சொல்லிவிட்டார். அக்கா எந்த ஆல்பத்தையும் கேட்டதில்லை. "அந்தக் கத்தற பாட்டுதானே? இப்ப கத்துறதில்லல்ல? அப்ப செரி" என்றாளாம். அதன் பிறகு அவர் எனக்கு மாமா.

மாமா யாரென்று நான் குரூப்பில் மூச்சு விடவில்லை. ஆனாலும் கண்டுபிடித்துவிட்டார்கள். லாரி டிரைவர் ஒருவர் கடையில் எடுத்த வீடியோவில் அவர் குரல் விழுந்திருக்கிறது. அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டி வண்டியாகப் பையன்கள் வரத் தொடங்கினார்கள். வண்டி மட்கார்டுகளில் ‘டிப்பர்’ வரிகளை எழுதியிருப்பார்கள். கூட நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். "அவங்கதானண்ணே உங்கள வெளிய அனுப்புனாங்க?" என்று கேட்பார்கள். மாமா தலையைக் குனிந்துகொண்டு, "டீ ஆறுது, குடிங்க தம்பி" என்பார். பெரிய மனுஷன், கூட இருந்தவர்களைக் காட்டிக்கொடுக்க மாட்டார் என்று அன்று மாலையே குரூப்பில் ஓடும். அவர் பேசாமல் இருக்க இருக்க, அந்த இரண்டு பேர் மேல் விழுந்த வசவு கூடிக்கொண்டே போனது. பாடுகிறவருடைய அம்மாவை அரியலூர் கடைத்தெருவில் நிறுத்தி, "துரோகியப் பெத்தவங்கதானே நீங்க" என்று ஒருவன் கேட்டிருக்கிறான். அதை அவன் பெருமையாக வேறு எழுதியிருந்தான்.

புழுதி குழு பெரம்பலூர்ப் பொருட்காட்சிக்கு வருகிறது என்று போஸ்டர் ஒட்டினார்கள். பெயர் வாங்கிய பிறகு சொந்தப் பக்கத்துக்கு அவர்கள் வருவது அதுதான் முதல் தடவை. குரூப்பை நடத்திய அட்மின், பெரம்பலூர்க்காரர், ஒரு யோசனை சொன்னார். ஆளுக்கு ஒரு பை நிறைய ரோட்டுப் புழுதி. அந்த டிக்கெட் பாட்டைத் தொடங்கியதும் மேடையை நோக்கி வீச வேண்டும். "புழுதிய மறந்தவங்களுக்கு ஞாபகப்படுத்துவோம்." கைதட்டல் படங்களாக வந்து விழுந்தன. அதற்குக் கீழே ஒருவன், கொஞ்சம் சிமெண்டும் கலந்துகொள்ளலாம் என்று எழுதினான். குரூப்பில் எழுதினால் கேட்கிற நிலையில் யாரும் இல்லை. பஸ் ஏறி அக்கா வீட்டுக்குப் போனேன்.

மத்தியான நேரம். அக்கா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், மாமா பக்கத்தில் உட்கார்ந்து தோலை ஒதுக்கிக்கொண்டிருந்தார். போனை நீட்டினேன். படித்துவிட்டு, "சிமெண்டா? கண்ணுல பட்டா என்னாவறது?" என்றார்.

"நீங்க ஒரு வார்த்த சொன்னா நிறுத்திடுவாங்க மாமா. உங்கள அவங்க தொரத்துனதாவே இருக்கட்டும். அதுக்காகக் கண்ணு போவணுமா?"

"என்னை யாரும் தொரத்தல."

அக்காவின் கை நின்றது. மாமா தரையைப் பார்த்தபடியே பேசினார். "நானாத்தான் வந்தேன். அப்பாவுக்குக் கை கால் வராமப் போயிடுச்சு, கடையப் பாக்க ஆளில்ல. அது ஒண்ணு. இன்னொன்னு, எனக்குக் கோவமே வரல. வராத கோவத்த வந்த மாதிரி எத்தன மேடையில காட்டுறது?" வெங்காயத் தோலை ஒதுக்கிக்கொண்டே, "அந்த டிக்கெட்டுப் பாட்டும் நான் எழுதுனதுதான். அந்த ஆல்பத்துல பாதிக்கு மேல என்னோடது" என்றார்.

அவரே தொடர்ந்தார். "எம் பேரப் போடாதீங்கன்னு நாந்தான் சொன்னேன். ‘டிப்பர்’ வரிய வண்டியில எழுதிக்கிட்டுத் திரியறானுவ. மழை, ஜன்னல்னு நாந்தான் எழுதுனேன்னு தெரிஞ்சா மூஞ்சிய எங்க வெச்சிக்கறது? பேரு இல்லன்னா யாரும் கேக்க மாட்டாங்கன்னு நெனச்சேன். இப்புடி ஆவும்னு நெனைக்கல."

"அந்தப் பாட்டுல வர்ற பொண்ணு யாரு?" என்றாள் அக்கா.

"யாருமில்ல. பஸ்ல போனேன், மழ பேஞ்சிது. அவ்ளோதான்."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "செரி, அத அப்பறம் பாத்துக்கறேன். திட்டு வாங்கறது அவங்க, கூட நின்னு போட்டோ எடுத்துக்கறது உங்களோடயா? போய்ச் சொல்லிட்டு வாங்க."

பயந்துகொண்டுதான் போயிருந்தேன். ஆனால் அந்த நேரத்தில் என் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கிவிட்டது போல இருந்தது. அத்தனை நாளும் அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம், ஏமாற்றப்பட்ட ஒரு மனிதரைப் பார்ப்பதாகவே நினைத்து அவரிடம் பழகியிருந்தேன். அவர் பேசாமல் இருந்தால் வருத்தம், சிரித்தால் வருத்தத்தை மறைக்கிறார் என்று எனக்கு நானே அர்த்தம் செய்துகொண்டிருந்தேன். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. மூன்று பேரும் இன்னும் நண்பர்கள்தான். அதைக் கேட்கவே எவ்வளவு இதமாக இருந்தது!

மாமா அங்கேயே ஸ்பீக்கரில் பாடுகிறவருக்குப் போன் போட்டார். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர், "வரட்டும் மாப்ள, நாங்க கூலிங் கிளாஸ் போட்டுக்கறோம்" என்று சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. "உங்கம்மாவ ரோட்டுல நிறுத்திக் கேட்டிருக்கானுவ. ஏன்டா நீ ஒரு வார்த்த சொல்லல?"

"நீதானடா சொல்லாதன்ன."

பொருட்காட்சி அன்று வெயில் தாழ்ந்த நேரம். மைதானத்துக்கு வெளியே டீக்கடை ஓரத்தில் பழைய பக்கத்துக்காரர்கள் கூடியிருந்தார்கள். தோளில் மாட்டிய துணிப்பைகள் கனத்துத் தொங்கின. மாமா வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் நானும் அக்காவும் அவரோடு போயிருந்தோம். அவரைக் கண்டதும் ஆரவாரம் எழுந்தது. அண்ணனே வந்துட்டாரு என்று ஒருவன் தோளில் தூக்கப் பார்த்தான். மாமா விலகி நின்று, "அந்த டிக்கெட்டுப் பாட்டு நான் எழுதுனது" என்றார்.

யாரும் நம்பவில்லை. அவர்கள் நம்ப மாட்டார்கள் என்று நாங்கள் மூன்று பேருமே நினைத்துப் பார்க்கவில்லை. அட்மின் கிட்டே வந்து, தாழ்ந்த குரலில், "மெரட்டுனாங்களாண்ணே? சொல்லுங்க, நாங்க இருக்கோம்" என்றார்.

அப்போது மாமாவுக்குக் கோபம் வந்தது. எத்தனையோ காலமாக வராத கோபம். "என்னை மெரட்ட எவன்டா இருக்கான்?" என்று தொடங்கியதும் அந்தக் குரல், ஆணி அடிக்கிற அந்தப் பழைய குரல், டீக்கடையையே அடக்கிவிட்டது. "கோவம் வந்துச்சு, ‘டிப்பர்’ எழுதுனேன். மழ பேஞ்சிது, டிக்கெட்டு எழுதுனேன். ரெண்டும் நாந்தான். என்னைய வெச்சே என்னைய அடிப்பீங்களா? பையத் தொறந்து எம்மேல கொட்டுங்க. அவனுங்க மேல ஒரு பொட்டு விழக் கூடாது."

அந்தக் குரலுக்குப் பிறகு சந்தேகப்பட எதுவும் இல்லை. அட்மினுக்கு முகம் சுருங்கிவிட்டது. "அப்ப இவ்ளோ நாள் நாங்க யாருக்காகண்ணே சண்ட போட்டோம்?"

"எனக்காகத்தான் தம்பி. நான் வாயத் தொறந்திருந்தா அந்தச் சண்டையே வந்திருக்காது. தப்பு என்னோடது."

அட்மின் ரோட்டோரப் பள்ளத்துக்குப் போய்ப் பையைக் கவிழ்த்தார். ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். எல்லாரும் அல்ல. ஒருவன் மாமாவை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், பையோடு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். அவன் போன திசையையே மாமா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நிகழ்ச்சி தொடங்கும்வரை எனக்கு அந்தப் பையன் மேல்தான் பயம். அவன் திரும்பி வரவில்லை.

டிக்கெட் பாட்டின் கிதார் ஒலித்தபோது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். எதுவும் பறந்து வரவில்லை. பாடுகிறவர் தொடங்குவதற்கு முன், "இந்தப் பாட்ட எழுதுனவரு அரியலூர்ல டயர் கடை வெச்சிருக்காரு. இங்கதான் எங்கயோ நிக்கிறாரு" என்றார். கூட்டம் திரும்பித் திரும்பித் தேடியது. மாமா ஒரு ராட்டினத்துக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார். அக்காவோ, எல்லாருக்கும் தெரியும்படி அவரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

இப்போது நான் பெரம்பலூரிலேயே ஒரு ஆபீஸில் வேலை பார்க்கிறேன். குழுவின் நான்காவது ஆல்பமும் வந்துவிட்டது. மாமா கடையைப் பார்த்துக்கொண்டே எழுதியது, இந்தத் தடவை அவர் பெயரோடு. ரசிகர் குரூப்பில் அவரும் இருக்கிறார், சொந்தப் பெயரில். சண்டை ஓய்ந்தபாடில்லை. போன வாரம் அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மாமா போனைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். உடையார்பாளையத்துப் பெண் ஒருத்தி எழுதியிருந்தாளாம்: "அண்ணே, புதுப் பாட்டுல ரெண்டாவது சரணம் ஒரே இழுவை. அத எழுதறப்ப தூங்கிட்டீங்களா?"

"பாரு, எப்புடிக் கழுவி ஊத்துது" என்று போனை அக்காவிடம் நீட்டினார். யார் புகழ்ந்தாலும் தலையைக் குனிந்துகொண்டு டீயை எடுத்து நீட்டிய மனிதர், இப்போது நிமிர்ந்து உட்கார்ந்து, சாப்பிட்ட கையைத் தூக்கிப் பிடித்தபடி, இடது கையால் பதில் எழுதத் தொடங்கினார். "ஆமாம்மா, அங்க கொஞ்சம் தூங்கித்தான் போயிட்டேன்."