அண்ணன் சீவிய இறக்கைச் சட்டம்

எங்கள் துக்கத்தில் இந்த ஓராண்டாகத் துணை நிற்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். நாலு பேர் முன்னால் பேசிப் பழகாதவள் நான். அதனால் அண்ணனின் இந்த நினைவு மலரில் எழுதுகிறேன்.

குமராட்சியில் பிறந்த அண்ணன், கடலூர் முதுநகரில் படகு கட்டினார். கணவரை இழந்து வந்த என்னை ஒரு சொல் சொல்லாமல் வைத்துக் காப்பாற்றினார்.

சுனாமிக்கு அடுத்த ஆண்டு சிதம்பரத்திலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். எஞ்சின் இல்லாமல் பறக்கும் பயிற்சி கிளைடர் ஒன்றை, இருவர் அமரும்படி மரத்தில் செய்ய வேண்டும் என்றார். வரைபடம் அவருடையது. மரம் தேர்ந்து, வளைத்து, ஒட்டியது அண்ணன். மூன்று ஆண்டுகள் பேராசிரியருடைய கொட்டகையிலேயே கிடந்தார்.

இறக்கை முடியும் நேரத்தில் பேராசிரியர், "வெயிட் ஜாஸ்திய்யா. நடுச்சட்டத்த சீவு" என்றார்.

"சீவுனா தாங்காது சார்."

"கணக்கு போட்டது நானா, நீயா?"

"நீங்கதான் சார். அப்ப கோட்டப் போட்டு கையெழுத்தும் போட்டுடுங்க."

படகுக்காரர் மரத்தைக் குறைக்கச் சொன்னால், குறைக்கும் இடத்தில் அவரே கோடு போட்டுக் கையெழுத்திட வேண்டும். அது அண்ணன் பட்டறையின் வழக்கம்.

"என்னாய்யா, பத்திரப் பதிவா?" என்று சிரித்துக்கொண்டே பேராசிரியர் போட்டார். அண்ணன் கோடு வரை சீவினார்.

பாரம் தாங்குமா என்று பார்க்கும் சோதனை அன்று இறக்கையைக் கவிழ்த்து மணல் மூட்டைகளை அடுக்கினார்கள். சட்டம் முறிந்தது. வந்திருந்த பெரிய மனிதர்களிடம் பேராசிரியர், "படகு ஒட்டுற பசைய போட்டு ஏமாத்திட்டான்" என்றார். அந்தப் பேச்சு துறைமுகம் வரை வந்தது. ஒட்டத் தெரியாதவரிடம் யார் படகு கொடுப்பார்கள்? பட்டறை மூடியது. பிறகு வேறு ஆளை வைத்துப் பழைய கனத்திலேயே சட்டம் செய்து கிளைடரைப் பறக்கவிட்டார்கள். மாலை பேராசிரியருக்கு.

முறிந்த துண்டை அண்ணன் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். எடுத்துக் காட்டலாம் என்று பல முறை சொன்னேன்.

"புள்ளைங்களுக்குப் பாடம் எடுக்குறவரு. நான் இருக்கற வரைக்கும் வெளிய எடுக்காத பாப்பா" என்றார். கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோதும் அதையேதான் சொன்னார்.

அண்ணன் பேச்சை நான் மீறவில்லை. இப்போது அவர் இல்லை.

அந்தத் துண்டு இன்று அண்ணன் படத்தின் பக்கத்தில் இருக்கிறது. தடவிப் பாருங்கள். ஒட்டிய இடம் எங்கும் விடவில்லை. சீவிய இடத்தில் மரம்தான் முறிந்திருக்கிறது. பக்கவாட்டில் பென்சில் கோடும் அதன் கீழே கையெழுத்தும் அழியாமல் இருக்கின்றன. இந்த மலரின் பின்னட்டையில் இருப்பது அதன் படம்.

மருத்துவமனையில் மாறி மாறித் துணை இருந்த மாமாவுக்கும், காட்டுமன்னார்கோயில் சித்தி குடும்பத்துக்கும், தோள் கொடுத்த துறைமுகத்துத் தோழர்களுக்கும் நன்றி.

பேராசிரியருக்கும் அவருடன் வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு பிரதி முதலிலேயே தபாலில் அனுப்பிவிட்டேன். பின்னட்டைக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததற்காக அவருக்கும் நன்றி.